ரெண்டும் ஒரே ஆள்தான், அங்கிள்

இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. அமெரிக்காவில், டெக்சஸின் காப்பெலில் நாங்கள் போகும் தமிழ்ச் சபையில் ஒரு அங்கிள். பேங்கில் ரிட்டயர் ஆகி மகன் வீட்டோடு வந்தவர். பேரனை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்தால் மிச்ச நேரமெல்லாம் கிரேக்கம்தான். ஆதித் திருச்சபையின் பிஷப் ஒருவர் பெயரில் சின்ன இறையியல் நூல் ஒன்று இருக்கிறது. அதை எழுதியது அவர்தானா என்று அறிஞர்களுக்குள் நெடுநாள் சண்டை. அவர் இல்லை என்பது அங்கிளின் கட்சி. 'ஆனால்', 'ஆகவே' மாதிரி சில்லறைச் சொற்களை ஒருவர் எவ்வளவு புழங்குகிறார் என்பதில் ஆளைப் பிடித்துவிடலாம் என்று, பிஷப்பின் கடிதங்களையும் அந்த நூலையும் வைத்துக்கொண்டு மூன்று வருடம் கையாலேயே எண்ணியிருந்தார். சபையின் படிப்பு வட்டத்தில் கட்டுரையாக வாசிப்பதாக ஏற்பாடு.

"நீ டேட்டா சயின்ஸ்தானேம்மா, ஒரு தடவை செக் பண்ணிக் குடேன்" என்றார்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே லஞ்ச் பிரேக்கில் ப்ரோகிராம் எழுதி ஓட்டினேன். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, பத்துப் பேர் நடுவில், "சாரி அங்கிள், ரெண்டும் ஒரே ஆள்தான். கையால கவுன்ட் பண்ணா இப்படித்தான் மிஸ்டேக் வரும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். முகம் மட்டும் சுண்டிப்போனது.

புதன்கிழமை ஏதோ தேடப்போய் அந்த ஃபைல்களைத் திறந்தேன். சந்தேக நூல் இருக்க வேண்டிய இடத்தில் பிஷப்பின் இன்னொரு கடிதத்தை வைத்திருந்தேன். அவரை அவரோடேயே ஒப்பிட்டால் ஒரே ஆள் என்று வராமல் வேறென்ன வரும்? சரியான ஃபைலைப் போட்டு ஓட்டினேன். அங்கிள் எண்ணியதுதான் சரி.

போனை எடுத்தேன், வைத்தேன். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். மரியாதையாவது மண்ணாவது. பத்துப் பேர் முன்னால் சிரித்த வாயால் தப்பு என்னுடையது என்று சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு வந்தது. படிப்பு வட்டம் கூடியதும், நான் வாய் திறக்குமுன் அவரே எழுந்துவிட்டார்.

"கட்டுரைய நான் வாசிக்கப் போறதில்ல. மூணு வருஷமா தப்பா எண்ணியிருக்கேன். நம்ம பொண்ணு செக் பண்ணலேன்னா உங்க எல்லாருக்கும் தப்பையே சொல்லிக் குடுத்திருப்பேன். தேங்க்ஸ்மா."

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"பரவால்ல அங்கிள்" என்றேன்.