வெள்ளைமுடிக்காரர்கள் என்ன முறை

என் மகளைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வந்த அன்று நான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். விழுப்புரம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைக்கிறவன் நான். நாலு பேர் எதிரே உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேச என் மனைவி இருக்கிறாள். முன்பு வந்த இரண்டு இடங்களும் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று மகள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

அவளுக்கு ஜப்பான்காரர்களின் அனிமே என்றால் உயிர். கார்ட்டூன் என்று சொன்னால் கோபம் வரும். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் பரவாயில்லை. ஒரு தொடரில் வருகிறவனுக்கும் வேறொரு தொடரில் வருகிறவளுக்கும் சொந்தம் கண்டுபிடிப்பாள். ஒன்றில் வாளோடு திரியும் வெள்ளைமுடிப் பையன். இன்னொன்றில் மந்திரம் போடும் வெள்ளைமுடிப் பெண். இருவருக்கும் இடது காதில் ஒரே மாதிரி கடுக்கன். அதனால் அண்ணன் தங்கை, சண்டையில் பிரிந்துவிட்டார்களாம். இதற்குத் தியரி என்று பெயர். சோற்றில் கை வைத்தால் இதைக் கேட்டே ஆக வேண்டும். அஞ்சாவதோடு நின்ற நான் எங்கே போவேன்!

“வெள்ளை முடி யாருக்கும் வரும். எனக்கே வந்துடுச்சே” என்றேன் ஒருநாள்.

“உனக்குக் கடுக்கன் இல்லியேப்பா” என்றாள்.

மாப்பிள்ளையும் அனிமே பார்ப்பவர் என்பது எங்களுக்குத் தெரியாது. இருவரும் தனியாகப் பேசட்டும் என்று உள்ளறைக்கு அனுப்பினோம். நடுவில் ஒரு திரைச்சீலைதான். கூடத்தில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகளின் குரல் ஓங்கிக் கேட்டது.

“அண்ணன் தங்கச்சிதாங்க! ஒரே அம்மா வயித்துல பொறந்தவங்க. எங்க அப்பாவுக்கே தெரியும், கேட்டுப் பாருங்க!”

மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். “இன்னாங்க இது? அண்ணன் தங்கச்சின்னு தெரிஞ்சிக்கினேவா எங்கள வரச் சொன்னீங்க?”

அவருடைய தம்பி பக்கத்திலிருந்து, “ஏங்க்கா, நீ எப்பக்கா விழுப்புரத்துல இருந்த?” என்றார்.

“வாய மூடுடா, பேஜாரு புடிச்சவனே!”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் மனைவி, “தெரிஞ்சத சொல்லுங்களேன்” என்று முழங்கையால் இடித்தாள். எழுந்து நின்றேன். வாள், மந்திரம், சண்டை, கடுக்கன் என்று தினமும் காது புளிக்கக் கேட்டதையெல்லாம் ஒப்பித்து முடித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு ஒப்பித்ததில்லை.

திரையை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். “தப்பு மாமா. அந்தக் கடுக்கன், பையனோட அப்பா வழியில வர்றது. அந்தப் பொண்ணு அவனுக்கு அத்த மவ. கட்டிக்கிற முறை.”

“எம்புள்ள சொல்றது கரெக்ட்டு” என்றார் அவருடைய அம்மா, இதுவரை அந்த வெள்ளைமுடிக்காரர்களைப் பார்த்தே இராதவர்.

“இல்ல அத்தை! நான் காட்டுறேன், நீங்களே பாருங்க” என்று மகள் போனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை என்பது முன்பு வந்த இரண்டு இடத்தாரிடமும் அவள் வாயிலிருந்து வராத சொல்.

“அத்தைன்னு கூப்ட்டுக்கினே எதுத்துப் பேசுது பாரு” என்றார் அந்த அம்மா. பிறகு என் மனைவியிடம் திரும்பி, “தட்டு மாத்த எந்த மாசம் தோதுப்படும் உங்களுக்கு?” என்று கேட்டார்.

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.