வேகப் பலகைக்குக் கீழே நின்றவர்

செமோர் பக்கம் பழைய தோட்டச் சாலையில், வரும் காடியின் வேகத்தைக் காட்டும் மின்பலகையைப் பொருத்தப் போனபோதுதான் சாலையோரக் கடையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் அந்த அக்காவைச் சந்தித்தேன். கழுத்தில் சிறிய சிலுவை, வெயிலில் கறுத்த முகம். காடிச் சத்தம் கேட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

சர்ச்சுக்குப் போகச் சாலையைக் கடந்த அவர் கணவரை ஒரு வெள்ளைக் காடி அடித்துக் கொன்றிருந்தது. அது வேகமாக வந்ததை நிரூபிக்க ஆளில்லாமல் வழக்கு நிற்கவில்லை. ஓட்டியவன் தினமும் அதே வழியாகத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

“தம்பி, இந்த போர்டு அவன் பேரக் காட்டுமா?” என்று கேட்டார்.

“இல்லக்கா, வேகம் மட்டும்தான். கூடிப்போனா செவப்பா மின்னும்.”

பிறகொரு நாள் பலகையைப் பழுதுபார்க்கப் போனேன். கடையை அதன் கீழேயே மாற்றியிருந்தார். அதே வெள்ளைக் காடி வந்தது, பலகையில் எண் சிவந்தது. அக்கா கணவரின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சாலையோரம் வந்து நின்றார். காடி சட்டென்று வேகம் குறைந்து ஊர்ந்து கடந்தது. உள்ளே இருந்தவனின் முகம் வெளுத்திருந்தது.

“மெதுவா போறான்லக்கா, போதும்லா?” என்றேன்.

“எங்க போதும்? வேகமா போனா ஒரே நிமிசத்துல தப்பிச்சிருவான் தம்பி. மெதுவா போனாத்தான் இவரு மூஞ்சிய நல்லா பாப்பான். சாவுற வரைக்கும் பாக்கட்டும்லா.”

அவர் படத்தோடு நிற்பதைப் பார்த்து மற்ற காடிகளும் மெதுவாகவே போவதால், இப்போது அங்கே பிள்ளைகள் பயமில்லாமல் சாலையைக் கடக்கிறார்கள். அதற்காக அவருக்கு நன்றி சொல்வதா, அவரை நினைத்துப் பயப்படுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.