உப்புக்குள் போன சோடியம்

எங்கள் பக்கத்தில் செட்டியார் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் விலாசம், பிறகுதான் பெயர். பாட்டன், தகப்பன் பெயர்களின் முதல் எழுத்துகளை வரிசையாகப் போட்டுக் கடைசியில் தன்னைச் சேர்த்துக்கொள்வது. கடைப் பலகையிலும் பித்தளைக் குடத்திலும் அந்த எழுத்துகள்தான் இருக்கும். இந்தப் பழக்கத்தோடு காரைக்குடிப் பள்ளிக்கூடத்தில் ரசாயன வகுப்புக்குள் நுழைந்த எனக்கு, சுவரில் தொங்கிய தனிம அட்டவணை வேறு எப்படித் தெரியும்? கட்டம் கட்டமாக ஓரெழுத்தும் ஈரெழுத்துமாக இருந்தது. ஏதோ பெரிய பங்காளி வகையறா என்றே நினைத்தேன்.

வாத்தியார் கரும்பலகையில் NaCl என்று எழுதி, இதுதான் சாப்பாட்டு உப்பு என்றார். முன்னால் நிற்பது தகப்பன், பின்னால் நிற்பது மகன். எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்து H₂O வந்தது. H இரண்டு, O ஒன்று என்றார். குழம்பிப் போய் எழுந்து நின்றேன்.

"ரெண்டு தகப்பனுக்கு ஒரு மகன் எப்படி சார்?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு தகப்பன் உள்ளவன் அங்கே நான் ஒருவன்தான்.

அதற்கு முந்தின வருஷம்தான், பள்ளத்தூரில் பிறந்த என்னைக் காரைக்குடியில் பிள்ளையில்லாத ஒரு பங்காளி வீட்டுக்குத் தத்தாகப் பிள்ளை கூட்டியிருந்தார்கள். பெயர் மாறவில்லை, விலாசம் அடியோடு மாறியது. பெற்றவளை இனிமேல் சின்னாத்தா என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். புது வீட்டில் சோறு, துணி, பிரியம் எதிலும் குறையில்லை. ஆனால் யார் வீட்டுப் பிள்ளை என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

ஒருநாள் வாத்தியார் மண்ணெண்ணெய் ஊற்றிய புட்டியிலிருந்து ஒரு துணுக்குச் சோடியத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டார். சீறிக்கொண்டு ஓடியது. அதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு, Na அதிலிருந்து வந்தது, பெயர் மாறியும் எழுத்து மாறவில்லை என்றார். எனக்கோ பெயர் அப்படியே இருக்க எழுத்துதான் போயிற்று. மறுபடியும் எழுந்து நின்றேன்.

"உப்புக்குள்ள போன பெறகும் அது சோடியந்தானா சார்?"

"சோடியந்தான். ஆனா பழைய குணம் ஒண்ணும் இருக்காது."

"குணமே போயிட்டா அப்புறம் எப்படி சார் அது சோடியம்?"

"பரீச்சையில இதெல்லாம் கேக்க மாட்டாக. உக்காரு."

பரீட்சையை யார் கேட்டார்கள்? அந்த ஒரு பதில் தெரியாமல் எனக்குப் பாடமும் ஓடவில்லை, சோறும் இறங்கவில்லை.

அந்தத் தை மாதம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். பெற்றவள் அங்கே இருப்பாள் என்று தெரியும். இன்னமும் நான் உன் பிள்ளைதானா என்று அவளிடமே கேட்டுவிடுவது என்று வண்டியில் போகும்போதே முடிவு செய்துகொண்டேன். கல்யாண வீட்டின் இரண்டாம் கட்டில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அரிவாள்மனையை மடக்கிவிட்டு எழுந்தாள். சுற்றிலும் பங்காளி வீட்டுப் பெண்கள். விருந்தாளியிடம் பேசுவதைப் போலவே பேசினாள்.

"வாங்க. எப்ப வந்தீக?"

"இப்பத்தான்."

"ஒங்க ஆத்தா சொகமா இருக்காகளா?"

கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அத நீங்கதேன் சொல்லணும்."

காய் நறுக்கும் சத்தம் நின்றது. அவள் ஒரு தடவை சுற்றிலும் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மெல்லப் பேசுடா."