நீலம் பூசிய அடிக்கட்டைகள்

1. வேலி இருந்த இடம்

சேலத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு, அடிவாரம் தாண்டி, வளைவு வளைவாக ஏறி வந்து கேட்டைத் திறந்தேன். வேலி இருந்த இடத்தில் வானம் இருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு தாழ்வாக நான் வானத்தைப் பார்த்ததில்லை.

தோட்டம் அமைப்பது என் தொழில். அந்த வீடு ஏற்காடு டவுனுக்குள்ளேயே, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பங்களா. கேட்டிலிருந்து வராந்தா வரை நேர்ப்பாதை. இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல், சைப்ரஸ் மரங்களை நெருக்கி வளர்த்த வேலி. வீட்டுக்கார வசந்தா அக்கா, பேங்க் வேலையில் ரிடையரானவர், முதல் நாளே சொன்னார்: "வெறப்பாவும் இருக்கோணும், கால நீட்டி உக்காரவும் முடியோணும். அப்படி ஒரு தோட்டம் போட்டுக் குடுங்க."

வெறப்புக்கு அந்த வேலி போதும். கால் நீட்டுவதற்குப் பாதையோரம் கல் பெஞ்சும், தன்னிஷ்டத்துக்குச் சாயும் ஹைட்ரேஞ்சியாப் பூச்செடியும் டிசைனில் வைத்திருந்தேன்.

அவசரத்துக்குக் காரணம் அவருடைய தம்பி சேகர். வீட்டில் பாதிப் பங்கு அவருக்கு. ஓட்டல் கட்டுகிறவர்கள் கேட்கிறார்கள், விற்றுவிடலாம் என்று சென்னையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். ஹோம்ஸ்டே நடத்தியே இந்த வீட்டைக் காப்பாற்றிவிடலாம் என்பது அக்காவின் கட்சி. "தோட்டத்த வந்து பாரு, அப்புறம் பேசு" என்று வரச்சொல்லியிருந்தார். நான் கல்லோடு வந்த மறுநாள் அவர் வருவதாக இருந்தது.

2. மாரியப்பனின் உபகாரம்

பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் கட்டைகள். எல்லாம் ஒரே பக்கமாகச் சரித்த வெட்டு. வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் வெளிர்நீலப் பூச்சு. போர்டோ பசை. வயதான காப்பிச் செடியை அடியோடு வெட்டி, பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பூசுவது.

அழகாக இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. இத்தனை ஒழுங்காகச் செய்த நாசத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாரியப்பன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். மாரமங்கலம் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கவாத்து மேஸ்திரி, செடிகளை வெட்டிச் சீராக்குவதுதான் வேலை. பழம் பறிப்பு முடிந்த மாசியில் என்னிடம் வேலைக்கு வருவார். கயிறு கட்டி மேல்மட்டத்தை மட்டும் சீவச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

"என்ன மாரியப்பன் இது?"

"உள்ள கைய உட்டுப் பாத்தனுங்க சாரு. பூராவும் காஞ்சு சுள்ளியா கெடந்துச்சுங்க. நொம்ப கெழடு தட்டிப்போச்சு. மேலாப்புல சீவுனா என்னத்துக்காகும்? அடியில வெட்டி உட்டா புதுசா வந்துருமுங்க. பசைக்குக்கூட உங்ககிட்ட கேக்கலீங்க, எஸ்டேட்டுல மிச்சம் கெடந்துச்சு."

சைப்ரஸ் வேலி உள்ளே எப்போதும் காய்ந்துதான் இருக்கும். பச்சை எல்லாம் மேல்தோலில். அந்தத் தோலை எடுத்துவிட்டால் பழைய கட்டையிலிருந்து ஒரு குருத்து வராது. காப்பி வரும். அவர் கை ஆயுசு முழுக்கக் கண்டது காப்பியை.

வசந்தா அக்கா வராந்தாவில் நின்றிருந்தார். காலையில் சந்தைக்குப் போனவர் அப்போதுதான் திரும்பியிருக்கிறார். கையில் காய்கறிப் பை இன்னும் இறக்கி வைக்காமல் இருந்தது.

"திரும்பத் துளுக்குமா?" என்றார்.

"துளுக்காதுங்க அக்கா."

மாரியப்பன் என்னைப் பார்த்தார். பொய் சொல்கிறவனைப் பார்ப்பதுபோல. பிறகு கட்டைகளைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய் எங்கள் இருவருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். 

3. சேகர் வந்தார்

மறுநாள் காலை கார் கேட்டுக்கு வெளியிலேயே நின்றது. சேகர் இறங்கினார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

"அக்கா, இதப் பாக்கவா என்னைய வரச்சொன்ன?"

கட்டைகளுக்கு நடுவே நடந்து வந்தார் சேகர்.

"மொட்டையடிச்சு வச்சிருக்க. ஓட்டல்காரனுக்கு வேலை மிச்சம்."

மாரியப்பன் முன்னால் போனார். "ஏனுங்க, வெட்டுனது நானுங்க. அக்காவ ஒண்ணுஞ் சொல்லாதீங்க. காப்பின்னு நெனச்சு வெட்டலீங்க, காப்பி மாதிரி வருமுன்னு நெனச்சு வெட்டிப்போட்டனுங்க."

சேகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்லவேளை, உங்கிட்ட முடிவெட்ட வர்ல."

 அக்கா படியிறங்கி, ஒரு கட்டையின் அருகில் நின்றார்.

"மாரியப்பா, இந்த ரெண்டு வரிசையிலயும் காப்பியே வெச்சா வருமா?"

"காப்பிக்கு நெழல் வேணும், சில்வர் ஓக் மரம் நிக்குதுங்களே. ஆடி மழைக்கு நாத்து நட்டா தாராளமா வருமுங்க."

"எப்பப் பூக்கும்?"

"மூணு வருசமாகுமுங்க."

அக்கா தம்பியிடம் திரும்பினார். குரல் உயரவில்லை. "கேட்டியாடா? பூக்கறதுக்கு மூணு வருசம். அதுவரைக்கும் ஓட்டல்காரன் பேச்ச எடுக்காத. அப்பவும் இந்த ஊடு தனக்குத்தானே சம்பாரிக்கலீன்னா, நானே கையெழுத்துப் போடறேன்."

சேகர் வீட்டைப் பார்த்தார். வேலி மறைத்திருந்த முகப்பு முழுசும் வெயிலில் நின்றது.  அவர் காருக்குத்தான் திரும்பப்போகிறார் என்று நினைத்தேன்.

"நடறத நேரா நடச் சொல்லு" என்றார்.

4. கற்றது

ஆடியில் நட்டோம். வரிசை கயிறு பிடித்ததுபோல. செடி தன் போக்கில். அக்கா கேட்ட தோட்டம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. 

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் கையில் கத்தியைக் கொடுக்கும் முன், அந்தக் கை இதுவரை எதை வெட்டியது என்று கேளுங்கள். எதை வெட்டக்கூடாது என்பதைச் செடியின் பக்கத்தில் நின்று, கிளையைப் பிரித்துக் காட்டிச் சொல்லுங்கள். வேலை தெரியாதவர் தயங்குவார், உங்களைக் கேட்பார். வேலை தெரிந்தவர் கேட்கமாட்டார்.

கட்டைகளைத் தோண்டும்போது கேட்டோரத்தில் ஒன்றை மட்டும் விடச்சொன்னார் மாரியப்பன். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் குனிந்து அதன் பட்டையைத் தடவிப் பார்க்கிறார்.

"வராதுங்க மாரியப்பன்" என்கிறேன்.

"இருக்கட்டுமுங்க சாரு" என்கிறார்.