பாங்கு போன பிறகும் கதைத்த மனிதர்

மருதமுனையில் ஒரு நெசவாளர் வீட்டில், வியாபாரத்துக்கு எடுக்க, இடுப்பில் உடுக்கும் சாறன் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தொட்டுப் பார்த்த சாறனை மற்ற வியாபாரிகள் விலை கேட்காமலே எடுப்பார்கள். அது கொழும்பு வரைக்கும் தெரிந்த விசயம். அப்போதுதான் கல்முனைக்குடியிலிருந்து சைக்கிளில் வந்த என் மருமகன் சொன்னான்: “மாமா, ஆதம்பாவா மோதினார் விடிய சுபஹோட மௌத்தாகிட்டாராம்.”

நெசவாளர் தறியை நிறுத்தினார். “கலிமா வந்திச்சாமா?” என்று கேட்டார். சாகும் வாய் ஈமானை, இறைநம்பிக்கையை, அறபியில் சொல்லிற்றா என்பதுதான் கேள்வி.

எப்படி உயிர் போனது, பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்களா, ஒன்றும் கேட்கவில்லை. எடுத்த சாறன்களை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேரும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னவர் அவர். அந்தக் குரல் காற்றுச் சரியாக இருந்தால் பொத்துவில் வரை கேட்கும். நான் பொத்துவிலில் நின்று கேட்டிருக்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. “தம்பி, நான் சொல்றதில்ல, அது தானா வருது” என்பார்.

கல்லோயாத் தண்ணீர் வயல்களுக்கு வரத் தொடங்கிய காலத்தில், தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்யும் தொட்டியடியில் விழுந்தார். கொஞ்ச நாளில் எழும்பினார். வாய் சற்றுக் கோணல், குரல் சற்று இறக்கம், வேறு குறையில்லை. சந்தியில் நின்று முன்போலவே கதைத்தார். ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போனார். முதல் தக்பீர், அந்த ‘அல்லாஹு அக்பர்’, வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. திரும்பி எங்களைப் பார்த்து, மிகத் தெளிவாகச் சொன்னார்: “அடுத்தது என்ன எண்டு எனக்குத் தெரியும். நாக்கு அந்த வழியால போகுதில்ல.”

பாங்கு மட்டுமா? மனப்பாடமாக ஓதிய குர்ஆன் சூறாக்கள் போயின. ஸலாத்துக்குப் பதில் போயிற்று. யாராவது ஸலாம் சொன்னால் ஒரு கணம் நின்று, “ஒங்களுக்கும் நல்லா இரிக்கட்டும், வாங்க” என்பார். அவ்வளவு போதுமாக இருந்தது எங்கள் ஊருக்கு. ஸலாத்துக்குப் பதில் சொல்லாதவன் என்றார்கள். செய்வினை என்றார்கள். ஏதோ பெரிய பாவம் செய்ததால் அல்லாஹ் நாக்கிலிருந்து பறித்துக்கொண்டான் என்று பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்கார் ஒருவர் கடை கடையாகச் சொல்லித் திரிந்தார். சந்தையில் மீன் கூடையடியில் வைத்து அவரைச் சோதிக்கவும் செய்தார்.

“மோதினார், ஒண்டு ரெண்டு சொல்லுங்க பாப்பம்.”

“ஒண்டு...” என்றார். நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“இதுக்குள்ள எத்தின பாரை எண்டு கேளுங்க, சொல்றன்,” என்றார் அவர். “ஏழு. அதில ஒண்டு நாறினது. அதத்தான் நீங்க தூக்கி வெச்சிருக்கீங்க.”

மரைக்கார் மீனைப் போட்டுவிட்டுப் போனார். ஆனால் மோதினார் வேலையை அடுத்த வெள்ளியே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் கையால் தண்ணீர் ஓதி வாங்கிக் குடித்த ஆட்களே கொடுத்தார்கள்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கொண்டுபோனேன். கல்முனையில் அப்போது ஓடிய கார்களில் அதுதான் திறம். டாக்டர் நெடுநேரம் கதைக்க வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “புதுசா ஒண்டை யோசிச்சுக் கதைக்கிறது மூளையின்ட மேல்பக்கத்து வேலை. உள்ளுக்கு, ஆழத்தில, வேற சில பகுதிகள் இருக்கு. சொல்லிச் சொல்லிப் பழகினதெல்லாம் அதுக்குள்ளால ஓடுது எண்டு நினைக்கிறம். இவருக்கு அங்கதான் பழுது. முழுக்க எங்களுக்கும் தெரியாது.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் உடனே விளங்கிவிட்டது. “தறியில மேல கையும் கண்ணும் பூப் போடுது, கீழ கால் தன்பாட்டில மிதிக்குது. இவருக்கு மிதிகட்டை உடைஞ்சிட்டு, அப்படித்தானே?” என்றேன். டாக்டர் எழும்பி நின்று எனக்குக் கை கொடுத்தார். இதை ஊரில் வந்து சொன்னேன். ஈமானை ஆஸ்பத்திரியில் தேடிப் போனவன் என்று என்னையும் சேர்த்து ஏசினார்கள்.

மௌத்துக்கு முந்திய நாள் பின்னேரம் நான் அவர் தலைமாட்டில் இருந்தேன். மரைக்காரும், பள்ளியில் தொழுவிக்கும் லெப்பையும் வந்திருந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். யாசீன் ஓத வந்தவர்களைவிட வாயைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். மரைக்கார் குனிந்து, “கலிமாவச் சொல்லுங்க, சொல்லுங்க,” என்று நெருக்கினார். மோதினாரின் உதடு அசைந்தது, அறபு வரவில்லை. அவருடைய பெண்சாதி முக்காட்டுக்குள் அழுதா. அப்போது அவர் கண்ணைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, எங்கள் பாஷையில் சொன்னார்: “வணங்க அவனத் தவிர வேற ஆரும் இல்ல. முஹம்மது நபி அவன் அனுப்பின தூதர். எனக்குத் தெரியும்.”

“அது சும்மா கதைக்கிற கதை. கலிமா இல்ல,” என்றார் மரைக்கார்.

லெப்பை அவரை நிமிர்ந்து பார்த்தார். “கருத்து அதுதான், மரைக்கார். அல்லாஹ்வுக்கு எங்கட பாஷை விளங்கும். எழும்புங்க.”

மரைக்கார் எழும்பினார். எழும்பிப் போய், கலிமா வரவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னார். அதுதான் மருதமுனைத் தறிவரை போய்ச் சேர்ந்திருந்தது. நினைக்க நினைக்க அருவருப்பாக இருக்கிறது.

அந்தப் பொத்துவில் வரை கேட்ட பாங்கு எனக்கு வேண்டாம். அது எல்லோருக்கும் கேட்டது. தானாக வராத அந்த மூன்று வசனத்தை அவர் தேடித் தேடி எடுத்தார். அதை நான் வைத்துக்கொள்கிறேன். கலிமா வந்ததா என்று இனி என்னிடம் கேட்பவருக்கு, ஓம், வந்தது, என் காதால் கேட்டேன் என்று சொல்வேன்.