திரும்பாத முதுகு

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் பேருந்து ஓட்டும் புர்மகான், சாவு வீடுகளில் ஒப்பாரிக்கு முதல் ஆள். ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் முதுகைக் காட்டி, சாவுக்குப் போடும் கூடாரத்தின் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் பாடுவாள்.

நிகழ்த்துகலை செய்யும் தோழி சூரா வந்து கெஞ்சினாள். "செத்துப்போன மாமாவுக்காகப் பாடுக்கா. உலகமே நேரலையில கேக்கட்டும்."

புர்மகானின் இறந்த கணவனுடைய கம்பளித் தொப்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். புர்மகான் தொண்டை கட்டும்வரை பாடி அழுதாள்.

மறுநாள் பதிவைப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், சூரா அந்தத் தொப்பியோடு பிணமாய் நடித்துக் கிடந்தாள். ஒப்பாரியின் ஒவ்வோர் அடிக்கும் எழுந்து இடுப்பை ஆட்டினாள். பார்த்தவர்கள் பல நாடுகளிலிருந்தும் பதிவின் கீழே சிரிப்பு முகப் பொம்மைகளைக் கொட்டியிருந்தார்கள்.

"கலைதானேக்கா! எத்தனை பேர் ரசிச்சாங்க தெரியுமா?"

"அழறவ திரும்பிப் பாக்கமாட்டான்னு தெரிஞ்சுதானேடி ஆடுன?"