மாதையன் அண்ணாவின் முதல் நோட்டு

மாதையன் அண்ணா போய்விட்டாராம்... காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். நேற்று மதியம், இண்டூரில், வீட்டிலேயே. மாரடைப்பு.

எல்லோரும் கும்பிடுகிற கை போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். உடனே அழித்தேன். வெறும் கை போட்டுவிட்டுப் போகிற யோக்கியதை எனக்குக் கிடையாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் தர்மபுரியில் ஒரு காண்டிராக்ட் வேலையில் இருந்தேன். மாடுகளின் காதில் மஞ்சள் டேக் மாட்டி, அதிலிருக்கிற பன்னிரண்டு இலக்க நம்பரைப் பதிவு செய்கிற வேலை. மாட்டு ஆதார் என்பார்கள்.

அண்ணா ஊர் ஊராகப் போய் டேக் மாட்டி, நம்பரை நோட்டில் எழுதி வருவார். நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எக்ஸலில் அடிப்பேன்.

நான்கு நான்கு இலக்கமாக இடம் விட்டு எழுதுவார். அவ்வளவு சுத்தமான கையெழுத்து.

"மேடம், நீங்களும் நடுவுல எடம் உட்டு அடிங்க. கண்ணுக்கு சொகமா இருக்குமுங்க."

"கம்ப்யூட்டருக்குக் கண்ணு வலிக்காதுங்கண்ணா" என்று கிண்டல் செய்வேன். அவர் சொன்னபடி இடம் விட்டு அடித்திருந்தால் எக்ஸல் அதை எழுத்தென்று எடுத்துக்கொண்டு அப்படியே விட்டிருக்கும்...

சித்தேரி மலை ஊர்களை முடித்து நோட்டைக் கொடுத்தார். அடித்தேன். எல்லாக் கட்டத்திலும் நம்பருக்குப் பதில் 1.02E+11 என்று நின்றது.

கட்டம் சின்னது போல, உள்ளே நம்பர் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். மேலாபீஸில் கேட்டபடி சிஎஸ்வி ஃபைலாக சேவ் செய்து அனுப்பிவிட்டேன். சிஎஸ்வி கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும்தான் சேமிக்கும். அது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் சூப்பர்வைசர் வந்து கத்தினார். "என்னம்மா இது, மலையில இருக்கற மாடு அத்தனைக்கும் ஒரே நம்பரு? நூத்தி ரெண்டுக்கு அப்புறம் ஒம்பது முட்டை!"

"அவர் எழுதிக் குடுத்ததைத்தான் சார் அடிச்சேன்."

வாய் கூசாமல் சொன்னேன். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்த மாதம் அது. பயம். நோட்டு என் டிராயரில்தான் இருந்தது. சூப்பர்வைசர் கேட்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை.

நம்பரெல்லாம் தப்பு என்று மட்டும் சொல்லி அண்ணாவை மறுபடி மலைக்குப் போகச் சொன்னார்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை மனுஷன். புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு அரூர் பஸ் ஏறினார்.

அன்று மதியமே பழைய நோட்டை எடுத்தேன். எக்ஸலில் அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட், அதாவது எழுத்து, என்று மாற்றிவிட்டு அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு இலக்கமும் வந்தது. ஒரு நிமிஷ வேலை...

மலையில் சிக்னல் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தடவைகூட போன் செய்து பார்க்கவில்லை.

ஆறாம் நாள் வந்தார். கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. மாடு மிதித்துவிட்டதாம்.

"வூடு வூடாப் போயி நின்னா சிரிக்கறாங்க மேடம். இப்பத்தான பாத்துட்டுப் போன, அதுக்குள்ள மாடு காதை மாத்திக்கிச்சான்னு கேக்கறாங்க."

அவரும் சிரித்தார். நானும்... ஆமாம், சிரித்தேன்.

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "நாந்தான் எங்கியோ தப்பாப் பாத்து எழுதிட்டனாட்டம் இருக்குதுங்க. கண்ணு சரியில்ல. உங்களுக்கும் பேச்சு வாங்கிக் குடுத்துட்டேன்."

இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "பரவாயில்லைங்கண்ணா" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் கறுப்பு ஃபிரேம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒவ்வொரு நோட்டையும் கொடுக்கும்போது, "ரெண்டு வாட்டி பாத்துட்டேன் மேடம்" என்பார். ஒவ்வொரு தடவையும்.

குரூப்பில் போட்டிருக்கிற படத்திலும் அந்தக் கண்ணாடியோடுதான் இருக்கிறார்.

மாதையன் அண்ணா... இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்போதே ஒத்துப் பார்த்தேன். உங்கள் முதல் நோட்டில் ஒரு நம்பர்கூடத் தப்பில்லை.

உங்கள் கண் நன்றாகத்தான் இருந்தது. போய் வாருங்கள் அண்ணா.